வாக்குச்சீட்டில் இருந்த பெயர்

பொன்னேரியை அடுத்த காட்டூரில் அறுபதைத் தாண்டியவர்களிடம் மரகதம் சந்திரசேகர் என்று சொல்லிப் பாருங்கள். “ராஜீவ் காந்தி ஓட்டுக் கேட்க வந்தாரே, அந்த அம்மாதானே?” என்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். ராஜீவ் கொல்லப்பட்ட 1991 மே 21 இரவு, ஒரு பெண்ணின் நாற்பதாண்டு அரசியலையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

பொன்னேரி அப்போது ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. 1984, 1989, 1991 என மூன்று முறை அந்தத் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. அவர் முதலில் டெல்லிக்குப் போனதோ அதற்கெல்லாம் வெகு முன்னால். நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், 1952இல், திருவள்ளூரிலிருந்து தேர்வான ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் அவர்.

நேரு அமைச்சரவையில் ராஜகுமாரி அமிர்த கௌர் சுகாதார அமைச்சர், மரகதம் துணை அமைச்சர். மலேரியாவும் காசநோயும் ஊர் ஊராக உயிர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் துறையை இரண்டு பெண்கள் கவனித்தார்கள். 1956இல் எய்ம்ஸ் சட்டம் வந்ததும் அப்போதுதான். உறுப்பினர்களின் கேள்விகளுக்கு மரகதம் எழுந்து சொன்ன பதில்கள் மக்களவை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கின்றன. 1962இல் மாயூரத்தில் வென்றார், உள்துறையில் துணை அமைச்சரானார். பிறகு மாநிலங்களவை. 1985இல் சமூக, மகளிர் நலத்துறை இணையமைச்சர். கேபினட் நாற்காலி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. “தனித் தொகுதிதானே” என்று அவர் வெற்றிகளை எளிதாக்கிப் பேசுவோருக்கு ஒன்று கேட்கிறோம்: பொதுத் தொகுதிகளில் அன்று எத்தனை கட்சிகள் ஒரு தலித் பெண்ணை நிறுத்தின?

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கப் பாடு பிரிப்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் முறை அது. அந்தச் சீட்டுகளில் பெண்ணின் பெயர் இருக்காது. மீனைக் கூடையில் சுமந்து விற்பவள் பெண், கருவாடு காயவைப்பவள் பெண். இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. அதே கரையின் பெண்கள், வாக்குச்சாவடியில் இன்னொரு பெண்ணின் பெயரைக் கண்டு முத்திரை குத்தியிருக்கிறார்கள். அந்த நிமிடத்தில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டாமா? 2024இல்கூட மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் 74 பேர்தான்.

அடுத்த இதழில் மரகதத்தின் மக்களவைப் பதில்கள் சிலவற்றை மொழிபெயர்த்து வெளியிட இருக்கிறோம். அவருக்கு வாக்களித்த பாட்டிகள் உங்கள் வீட்டில் இருந்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். பழைய தேர்தல் நோட்டீஸ், புகைப்படம் எது இருந்தாலும் கொடுங்கள், படியெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.