உயரம் காணாது என்று பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள்

"இவனுக்கு உயரம் காணாது, பாஸ்கற்போல் எல்லாம் சரிவராது." ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் கொண்டாட்ட மண்டபங்களில் இந்தத் தீர்ப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தீர்ப்புக் கேட்கும் பிள்ளைக்கு 13, 14 வயதுதான் இருக்கும். சொல்பவர் மாமாவோ பெரியப்பாவோ, அன்போடுதான் சொல்வார். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை பள்ளிக்கூட அணித் தெரிவுக்கே போகாமல் விடலாம். பல்கலைக்கழக அணியில் விளையாடும் வாய்ப்பும் அத்தோடு முடிந்துவிடும். இது அநியாயம் என்பது என் கருத்து.

உடல்வாகு முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் கீழ் நின்று, பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கவும் எதிரணியின் எறிதலைத் தடுக்கவும் உயரம், நீண்ட கை, பாரமான உடம்பு எல்லாம் பெரிய உதவி. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும், சரியான நேரத்தில் சரியான ஆளுக்குக் கொடுப்பதும், தூரத்தில் நின்று குறி பார்த்து எறிவதும் பழக்கத்தால் வருபவை. பந்தைத் தாழ்வாகத் தட்டுபவரிடமிருந்து பறிப்பது கஷ்டம். அந்த விஷயத்தில் கட்டையானவருக்கு வசதி அதிகம். ஒருவர் எந்த இடத்தில் நின்று விளையாடலாம் என்பதை உடம்பு ஓரளவு காட்டும். எவ்வளவு நன்றாக விளையாடுவார் என்பதைக் காட்டாது.

எங்கள் நகரத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. இன்று என்.பி.ஏ. என்று அழைக்கப்படும் லீக்கின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1ஆம் திகதி ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்தது. ரொறன்ரோ ஹஸ்கீஸ் அணியின் மிக உயரமான வீரர் ஜோர்ஜ் நோஸ்ட்ராண்ட், 6 அடி 8 அங்குலம். அவரை விட உயரமானவர்களுக்கு அன்று அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆட்டத்தின் முதல் புள்ளிகளை எடுத்தவரோ நியூயோர்க் அணியின் ஒசி ஷெக்ட்மன், 6 அடி உயரக்காரர். நியூயோர்க் 68-66 என்று வென்றது. அதே கட்டடத்தில்தான் இப்போது ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழக அணி விளையாடுகிறது.

2019 ஜூன் 13ஆம் திகதி ராப்ரர்ஸ் கிண்ணம் வென்ற இரவை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று கைல் லௌரி 26 புள்ளிகளும் ஃப்ரெட் வான்வ்லீட் 22 புள்ளிகளும் எடுத்தார்கள். இருவரும் 6 அடியை ஒட்டிய உயரம், இருவரும் பல்கலைக்கழக அணிகளில் வளர்ந்தவர்கள். வான்வ்லீட்டை 2016 தெரிவில் ஒரு அணியும் எடுக்கவில்லை. அவர்களுக்கு முன், 1999 முதல் 2001 வரை ராப்ரர்ஸுக்கு ஆடிய மக்ஸி போக்ஸின் உயரம் 5 அடி 3 அங்குலம். வேக் ஃபோரஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவர் 14 பருவங்கள் என்.பி.ஏ.யில் நின்று பிடித்தார்.

மறுபக்கமும் உண்டு. ரொறன்ரோவில் பிறந்த பஞ்சாபி இளைஞர் சிம் புல்லர் 7 அடி 5 அங்குலம். நியூ மெக்ஸிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக விளையாடி வட்டாரத் தொடரில் 2013, 2014 இரண்டு ஆண்டும் சிறந்த வீரரானார். 2015இல் இந்திய வம்சாவளியில் முதல் என்.பி.ஏ. வீரர் என்ற பெருமையும் கிடைத்தது. ஆனால் அந்த லீக்கில் அவர் ஆடியது மூன்றே ஆட்டங்கள். அவருடைய சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உயரம் மட்டும் போதும் என்றால் அவர் அங்கே பல ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. சில பெடியன்கள் 12 வயதிலேயே நெடுநெடுவென்று வளர்வார்கள். சிலர் 16இல்தான் தொடங்குவார்கள். 13 வயதில் அளக்கும் உயரத்தை வைத்து 20 வயது ஆட்டக்காரரைத் தீர்மானிக்க முடியாது. முன்னதாக வளர்ந்த பிள்ளைக்கும் இதில் நட்டம்தான். அவரை வளையத்துக்குக் கீழேயே நிறுத்திவிடுவதால் பந்தைத் தட்டப் பழகுவதே இல்லை. பிறகு மற்றவர்கள் அவர் உயரத்துக்கு வந்ததும் அணியில் இடம் போய்விடும்.

பெண்பிள்ளைகளுக்கு வேறு பிரச்சினை: "இப்பிடி வளர்ந்தா மாப்பிள்ளை எங்க தேடுறது?" அதே யாழ்ப்பாண மண்ணிலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் 208 செ.மீ. உயரம். கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்த வலைப்பந்தாட்டத்தில் 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வெல்ல அவர் கைகொடுத்தார். உயரம் பிறப்பில் வந்தது. குறி தவறாத கை பயிற்சியில் வந்தது.

வார இறுதியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சங்கங்களிடமும் பயிற்றுநர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் எல்லா இடத்திலும் விளையாட விடுங்கள். பெற்றோரே, சுவரில் கோடு போட்டு உயரம் அளப்பதை விட, பிள்ளை இன்று இடது கையால் பந்து தட்டினானா, தட்டினாளா என்று கேளுங்கள்.