இலை உதிர்க்கும் அறிவு

போச்சம்பள்ளியில் தொழிற்பேட்டையின் மதிற்சுவர் மாந்தோப்பின் வேலிக்கு அருகிலேயே எழுந்து நிற்கிறது. வயல் மனையாகிறது, மனையைச் சுற்றி மரம் வைக்கும் ஆசையும் உடன் பிறக்கிறது. நாற்றுப்பண்ணைக்குச் செல்வோரின் கண்ணை முதலில் கவர்வது, அடுக்கடுக்காகக் கிளைவிட்டுக் கூம்பாக உயர்ந்த கிறிஸ்துமஸ் மரம். ஆண்டு முழுதும் பசுமை, வாசலில் குப்பை சேராது என்பவை அதற்குக் கூறப்படும் சிறப்புகள். உதிரும் இலையைக் குப்பை என்று கொள்ளும் இவ்வெண்ணத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

ஊசியிலை மரங்களைப் பழிப்பது என் நோக்கமன்று. இமயத்தின் தேவதாருவுக்கு அம்மலையே அழகு. பனி மிகுந்த நாடுகளில் கூம்பு வடிவம் கிளைமேல் விழும் வெண்பனியைச் சரித்துவிடும். நிலத்து நீர் உறைந்து வேருக்கு எட்டாத மாதங்களில் மெழுகு படிந்த ஊசியிலை உள்ளீரத்தைக் காக்கும். நம் பண்ணைகளில் விற்கப்படும் கிறிஸ்துமஸ் மரத்தின் உறவுகளோ, கடற்காற்றின் ஈரம் குறையாத நார்போக் தீவு போன்ற இடங்களுக்கு உரியவை. தென்னிந்தியாவில் இயல்பாக வளரும் ஊசியிலை இனம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழ்கிறது. வியப்பு என்னவெனில், அதன் இலை ஊசி போன்றதன்று, அகன்றது! (சவுக்கை இவ்வினத்தில் சேர்ப்பார் உளர். அது பூக்கும் தாவரம்; தோற்றம் மட்டுமே மயக்குகிறது.)

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இயற்கைக் காடுகளில் பெரும்பாலானவை இலையுதிர் காடுகள். குளிர்நாட்டு மரம் உறைபனிக்கு அஞ்சி இலை உதிர்க்கிறது. நம் மரம் வறட்சியை எண்ணி உதிர்க்கிறது. இலைத்துளைகள் வழியாகவே மரம் பெருமளவு நீரை இழக்கிறது. மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கியதும், இலையிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்குள் மீட்டுக்கொண்டு, எஞ்சியதை மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. அச்சருகு செம்மண்ணைப் போர்த்தி ஈரத்தைக் காத்து, மட்கி எருவாகிறது. புங்கமோ இன்னும் நுட்பமானது. மாசியில் இலை உதிர்த்து, வெயில் ஏறும் பங்குனியில் பளபளக்கும் தளிரோடு நிற்கும். நிழல் வேண்டிய காலத்தில் நிழல் தரும் மரத்தை விடுத்து, வேறென்ன தேடுகிறோம்?

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். இரண்டு ஏக்கர் உடைய உழவர் இலுப்பையை நட்டுவிட்டுப் பல்லாண்டு காத்திருக்க இயலுமா? இயலாது. சில ஆண்டுகளில் வெட்டி விற்கும் சவுக்கை அவர் நாடுவதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும், விரைந்து வளர்ந்து மரவிலை தரும் மலைவேம்பும் இலையுதிர்ப்பதே. வரப்போரத்திலும் வேலியிலும் பயிரை மறைக்காத அளவில் புங்கம், வாகை, உசிலை ஆகியவற்றுக்கு இடமளிக்கலாம். இம்மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சார்ந்தவை. புங்கந்தழையை வயலில் மிதித்து உரமாக்கும் வழக்கமும், உசிலையின் இலையை அரைத்து அரப்பாகத் தலைக்குத் தேய்க்கும் வழக்கமும் இவற்றின் பயனை நம் முன்னோர் அறிந்திருந்ததைக் காட்டும்.

மாவும் புளியும் ஒருசேர இலை உதிர்த்து மொட்டையாய் நிற்பவை அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். அவை ஆழ வேரோடி இம்மண்ணில் நிலைபெற்றவை. ஆகவே இலை உதிர்கிறதா இல்லையா என்பதைவிட, கோடையில் அம்மரம் எதைக் குடித்து வாழும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. குழாய்நீரைக் குடித்து என்பது விடையானால், ஆழ்துளைக் கிணறு வற்றும் ஆண்டில் அம்மரமும் பட்டுப்போகும்.

ஆனியில் வேப்பம்பழம் கனிந்து உதிரும். அதன் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே பொறுக்கிய உடனே சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, மண் நிரப்பிய பையில் ஊன்ற வேண்டும். பள்ளிகள் திறந்திருக்கும் காலம் அது. விதைக்கு விலையும் இல்லை.