பேரம் நிறுவனங்களோடு, பில் மக்களுக்கு

2010 அக்டோபரில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தேர்தல் விளம்பரம் தொலைக்காட்சியில் ஓடியது. செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆளுநர் ஜோ மான்ச்சின் ரைபிளில் தோட்டாவை ஏற்றுகிறார். தொலைவில் மாட்டி வைத்த ஒரு மசோதாவைக் குறிபார்த்துச் சுடுகிறார். கார்பன் உமிழ்வுக்கு விலை வைக்க வந்த மசோதா அது. முந்தைய ஆண்டு அதைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றியதே மான்ச்சினின் சொந்தக் கட்சிதான். ஆதரித்து நின்றவர் அதே கட்சியின் அதிபர் ஒபாமா. நிலக்கரியை நம்பி வாழும் மாநிலத்தில் அந்தத் துப்பாக்கிச் சத்தம் நன்றாகவே எடுபட்டது. மான்ச்சின் வென்றார்.

கார்பனுக்கு விலை வைக்கக் கை தூக்கினால் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற பாடம் அன்றிலிருந்து வாஷிங்டனில் வேரூன்றிவிட்டது. கான்பெராவிலும் ஒட்டாவாவிலும் அதை ஒப்பிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பாடத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, வாக்களிக்க மனமில்லாதவர்களுக்குக் கிடைத்த வசதியான சாக்கு என்பதே நம் கருத்து.

நடந்ததைப் பார்ப்போம். ஹென்றி வாக்ஸ்மன், எட்வர்ட் மார்க்கி இருவரும் கொண்டுவந்த அந்த மசோதா 2009 ஜூன் 26 அன்று 219-க்கு 212 என்ற கணக்கில் தேறியது. 2005-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020-க்குள் உமிழ்வை 17 விழுக்காடு குறைப்பது இலக்கு. ஜனநாயகக் கட்சியில் 44 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சியில் 8 பேர் ஆதரித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது.

இழந்தவர்களில் ஒருவர் ரிக் பௌச்சர். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், நிலக்கரி மலைகள் நிறைந்த ஒன்பதாவது தொகுதியிலிருந்து 28 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். நிலக்கரியைக் காப்பாற்றவே மசோதாவின் பேச்சுவார்த்தைக்குள் நுழைந்தார் என்று சொன்னால் மிகையில்லை. உமிழ்வு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் சுற்றுச்சூழல் முகமைக்கு உண்டு என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் வராவிட்டால் அதிகாரிகள் விதிகளோடு வருவார்கள், அதற்குமுன் பேரம் பேசுவதே புத்திசாலித்தனம் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கல்ல. நிறுவனங்கள் கார்பனை உமிழக் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிகளை ஏலம் விடாமல், தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாட்டில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. புகைபோக்கியிலேயே கார்பனைப் பிடித்துப் புதைக்கும் தொழில்நுட்பத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் என்று பத்தாண்டுகளுக்கு ஒரு நிதியையும் வாங்கிக்கொடுத்தார். மின் நிறுவனங்கள் பல திருப்தியடைந்தன.

அவர் தொகுதியின் சுரங்கத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? கையில் பிடித்துக் காட்டும்படி ஒன்றுமில்லை. தொகுதி எல்லைக்குச் சற்று வெளியே வீடு வைத்திருந்த மோர்கன் கிரிஃபித்திடம் பௌச்சர் தோற்றார். கார்பன் மசோதாவுக்கு அவர் போட்ட வாக்குதான் அந்தப் பிரச்சாரத்தின் மையம். இந்த ஒரு தொகுதியைப் பொறுத்தவரை பாடம் உண்மைதான், மழுப்ப இடமில்லை.

மசோதாவின் செலவைப் பற்றிய சண்டையிலும் இதே கோளாறைக் காணலாம். நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு, 2020-இல் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 175 டாலர் சுமை என்றது. அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்குச் சுமையே இல்லை, மாறாக 40 டாலர் லாபம். குடியரசுக் கட்சியினரோ குடும்பத்துக்கு 3,100 டாலருக்கு மேல் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள், எம்.ஐ.டி. ஆய்வை அதற்கு ஆதாரம் காட்டினார்கள். அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான ஜான் ரைலி, எங்கள் ஆய்வை நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று அக்கட்சியின் சபைத் தலைவர் ஜான் பெய்னருக்குக் கடிதமே எழுதினார். பயனில்லை. எண் நிலைத்துவிட்டது.

ஏன் நிலைத்தது? பொய்யின் வலிமை என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். மசோதா எழுதப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். சுமார் 1,400 பக்கம். மக்களுக்கான நிவாரணத்தின் பெரும்பகுதி, உள்ளூர் மின் விநியோக நிறுவனங்களுக்கு இலவச அனுமதியாகப் போய், அங்கிருந்து கட்டணக் குறைப்பாக வீட்டுக்கு வந்து சேரும் என்பது ஏற்பாடு. ஏற வேண்டிய கட்டணம் ஏறாமல் இருப்பதுதான் நிவாரணம் என்றால், அதை யார் கண்ணால் பார்ப்பது? வராத உயர்வுக்கு எந்த வாக்காளரும் நன்றி சொல்வதில்லை. வேலையின்மை 10 விழுக்காட்டை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. பேரம் முழுக்க நிறுவனங்களோடு நடந்தது. மக்களோடு யாரும் பேரம் பேசவில்லை.

இனி பாடத்தின் மற்ற பாதி. மசோதாவை எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் தப்பித்தார்களா? டெக்சஸின் செட் எட்வர்ட்ஸ், மிசிசிப்பியின் ஜீன் டெய்லர், வடக்கு டகோட்டாவின் ஏர்ல் பாமராய், தெற்கு டகோட்டாவின் ஸ்டெஃபனி ஹெர்செத் சாண்ட்லின் என நால்வரும் எதிர்த்தவர்கள். நால்வரும் அதே 2010-இல் தோற்றவர்கள். ஆதரித்த குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேரில் ஐவர் பிரதிநிதிகள் சபைக்கே மீண்டும் தேர்வானார்கள். மார்க் கிர்க், செனட்டில் இதை எதிர்ப்பேன் என்று குட்டிக்கரணம் போட்டுவிட்டு, இல்லினாயில் செனட்டராகவே வென்றார். டெலவேரின் மைக் காசில் மட்டும் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் வீழ்ந்தார்.

தென் கரோலினாவின் பாப் இங்லிஸ் கதை இன்னும் வினோதம். அவர் இந்த மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் பருவநிலை மாற்றம் உண்மை என்று சொன்னார். சம்பளத்தின் மீதான வரியைக் குறைத்து, அந்த இடத்தில் கார்பன் வரியை வைக்கலாம் என்று தனி மசோதா கொண்டுவந்தார். 2008-இல் வங்கிகளை மீட்கும் சட்டத்துக்கும் வாக்களித்திருந்தார். சொந்தக் கட்சி வாக்காளர்களே அவரைப் பெரும் வித்தியாசத்தில் வெளியேற்றினார்கள். ஆக, அந்த ஆண்டின் கோபத்துக்குள் வேலையின்மை இருந்தது, வங்கி மீட்பு இருந்தது, மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இருந்தது. அத்தனையையும் கார்பன் தலையில் கட்டியது சிலருக்கு வசதியாகப் போயிற்று.

கோபத்தைவிடக் கோபத்தைப் பற்றிய பயமே அதிகம் வேலை செய்தது. 2010 ஜூலையில் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் மசோதாவைக் கைவிட்டார். வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. 2003-இலேயே இதே வகையான மசோதாவை முன்மொழிந்து, 2008 அதிபர் தேர்தலிலும் அதை ஆதரித்த ஜான் மெக்கெய்ன், 2010-இல் கட்சிக்குள் போட்டி வந்ததும் விலகிக்கொண்டார். பிரதிநிதிகள் சபைக்காரர்களுக்கு இது இரண்டாவது அடி. 1993-இலும் கிளின்டனின் எரிசக்தி வரிக்காக 219-க்கு 213 என்று வாக்களித்தார்கள். செனட் அதைத் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டு 50-க்கும் மேற்பட்ட இடங்கள் போயின. இரண்டு முறையும், வராத சட்டத்துக்காக, ஒருவருடைய மின் கட்டணத்திலும் ஒரு காசு ஏற்றாத சட்டத்துக்காக, உறுப்பினர்கள் பதவியைப் பணயம் வைத்தார்கள். சட்டம் வந்திருந்தால் அதன் பலனையாவது காட்டியிருக்கலாம். மேலவை கைவிரிக்கும் என்று தெரிந்தும் கீழவையை முன்னே தள்ளிவிட்ட தலைமைகளின் குற்றம் இது.

வேறு விதமாகவும் செய்ய முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கார்டன் கேம்பலின் அரசு 2008 ஜூலை 1 முதல் டன்னுக்கு 10 டாலர் கார்பன் வரி விதித்தது. அது வலதுசாரிச் சாய்வுள்ள அரசு என்பது கவனிக்கத்தக்கது. வரி தொடங்கும்முன், ஜூன் மாதத்திலேயே, மாகாணத்தில் ஆளுக்கு 100 டாலர் வந்து சேர்ந்தது. வருமான வரியும் குறைந்தது. வசூலாகும் கார்பன் வரி முழுவதும் வரிக் குறைப்பாகத் திரும்ப வேண்டும், தவறினால் நிதியமைச்சரின் சம்பளத்திலேயே பிடித்தம் என்று சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இடதுசாரி எதிர்க்கட்சி வரியை ஒழிப்போம் என்று 2009 மே தேர்தலில் களமிறங்கியது. கேம்பல் வென்றார்.

பணத்தை முன்கூட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் அரசு 2012-இல் டன்னுக்கு 23 டாலர் விலை வைத்தபோது, வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தியது, ஓய்வூதியத்தையும் கூட்டியது. ஆனால் 2010 தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், என் ஆட்சியில் கார்பன் வரி இருக்காது என்று சொல்லியிருந்தார். சொன்ன வாக்கை மீறியவர் என்ற பெயரை எந்த இழப்பீடும் துடைக்கவில்லை. வரியை ஒழிப்பதாக முழங்கிய டோனி அபாட் 2013-இல் ஆட்சியைப் பிடித்து அடுத்த ஆண்டு ஒழித்தும்விட்டார். அதே அபாட் 2019-இல், பருவநிலையை முன்வைத்து நின்ற சுயேச்சை வேட்பாளர் சாலி ஸ்டெகாலிடம் சொந்தத் தொகுதியை இழந்தார் என்பதைப் பாடம் ஒப்பிக்கிறவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. கனடாவில் 2019-இல் வந்த தேசியக் கார்பன் கட்டணத்தில் பெரும்பங்கு குடும்பங்களுக்கே திரும்பியது. ஆனால் முதல் சில ஆண்டுகள் அது வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்ததால் பலர் கவனிக்கவே இல்லை. 2023-இல் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் அரசே விலக்குக் கொடுத்ததும், இது நியாயமான கட்டணம் என்ற வாதம் அங்கேயே செத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கட்டணத்தைப் பிரதமர் மார்க் கார்னி நீக்கினார். பிரிட்டிஷ் கொலம்பியாவும் அன்றே தன் வரியை விட்டது.

விலைவாசியோடு விளையாடும் சட்டம் என்றால் கோபம் எங்கும் ஒன்றுதான். விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கைவைத்த ஜெயலலிதா அரசு, 2004 மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்காத நிலையில், முடிவுகள் வந்த சில நாள்களிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் பாடத்தை வைத்து 2022-இல் வேறு வழி கண்டது. வரியே வேண்டாம், சலுகை மட்டும் கொடுப்போம் என்று சுமார் 36,900 கோடி டாலர் அளவிலான எரிசக்திச் சலுகைகளைச் சட்டமாக்கியது. செனட்டில் 50-க்கு 50. துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் தேறியது. அந்த 50-இல் ஒன்று, ரைபிளோடு வந்த மான்ச்சினுடையது. குடியரசுக் கட்சித் தொகுதிகளில்தான் பேட்டரித் தொழிற்சாலைகளும் சூரிய மின்தகடு ஆலைகளும் அதிகம் வந்தன. 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் 18 உறுப்பினர்கள், சலுகைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யாதீர்கள் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். 2025 ஜூலையில் டிரம்ப்பின் வரிச் சட்டம் அவற்றில் பெரும்பாலானவற்றை வெட்டியபோது, பிரதிநிதிகள் சபையில் அக்கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் இரண்டே பேர். கடிதத்தை முன்னின்று எழுதிய ஆண்ட்ரூ கார்பரினோ ஆதரித்து வாக்களித்தார். மின் வாகனம் வாங்குவோருக்கான 7,500 டாலர் சலுகை செப்டம்பரோடு முடிந்தது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைப்பவர்களுக்கான வரிக்கழிவு ஆண்டு இறுதியோடு முடிந்தது. தெருவில் இறங்கிக் கேட்க ஆளில்லை. சலுகையின் பெரும்பகுதி நிறுவனங்களின் வரிக்கணக்கில் போனது. 2009-இன் அதே கோளாறு, வேறு உருவில்.

எனவே நம் நிலைப்பாடு இது. தோற்கடிக்க வாக்காளருக்கு முழு உரிமை உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று ஏசுகிற பருவநிலை ஆர்வலர்கள் தங்கள் நோக்கத்துக்கே கெடுதல் செய்கிறார்கள். 175 டாலர் என்பது சுரங்கம் மூடினால் சம்பளமே இல்லாத குடும்பத்துக்குச் சிறு தொகையல்ல, அச்சத்தின் தொடக்கம். அதேசமயம், தோல்வி வரும் என்று அஞ்சி வாக்கெடுப்பையே தவிர்க்கிற உறுப்பினருக்கு அந்த நாற்காலி எதற்கு? பௌச்சர் போட்ட வாக்கு சரியானது. அவர் பேரம் பேசிய எதிராளிதான் தவறு.

கார்பனுக்கு விலை வைக்கும் அடுத்த மசோதாவை எழுதப்போகிறவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. தேர்தலுக்கு முன்பே சொல்லுங்கள். யார் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். திரும்ப வரும் பணம் மின் நிறுவனத்தின் வழியாக அல்லாமல் குடும்பத்தின் பெயரில், முதல் கட்டணம் ஏறுவதற்கு முன் வந்து சேரட்டும். சுரங்க ஊர்களின் ஓய்வூதியமும் மாற்று வேலையும் கடைசி அத்தியாயத்திலிருந்து முதல் அத்தியாயத்துக்கு வரட்டும். மேலவையில் வாக்கு உறுதியாகும்வரை கீழவை உறுப்பினர்களைப் பலிகொடுக்காதீர்கள்.