கோட்டா நாளும் பிரஷர் மாத்திரையும்

பழனி மலைத்தொடரை அளந்து படம் போட்டவர்கள் பட்டாளத்துக்காரர்கள். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வே அதிகாரி இந்த மலை ஏறினார். 1860-களின் தொடக்கத்தில் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி மேல்மலையைச் சுற்றி வந்தார். பேரிஜம் பக்கத்துக் காட்டில் அவர் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலைக்கும் ஒரு மேஜரின் பெயர்தான்: லா. கொடைக்கானல் என்ற ஊர் உருவானதோ நோய்க்குப் பயந்து. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். உடம்பு தேற இடம் தேடி மேலே வந்தவர்கள் 1845-ல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். கொடைக்கானல் பிறந்ததே ஆரோக்கியத்துக்காக. அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலும் வாழும் ஓய்வுபெற்ற சிப்பாய், தனக்குரிய பிரஷர் மாத்திரையை வாங்க இன்று மலையிறங்கிப் போகிறார்.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'ஈசிஎச்எஸ்' என்றால்தான் தெரியும். நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. ஓய்வு பெறும்போது பதவிக்கேற்ப ஒரே ஒரு முறை சந்தா கட்டினால் போதும். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. கணவனும் மனைவியும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை பெறலாம். முதலில் பாலிகிளினிக் போக வேண்டும். அங்குள்ள டாக்டர் தேவை என்று கருதினால் ரெஃபரல் எழுதுவார். அதைக் கொண்டு திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து காசு கொடுக்காமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். நாடு முழுக்க இப்படி 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். எல்லாமே சமவெளியின் கணக்கு.

கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் பாலிகிளினிக் சுமார் 100 கிலோமீட்டர். மன்னவனூர், கிளாவரை, கூக்கால் ஆட்களுக்குக் கொடைக்கானல் வந்து சேருவதே ஒரு பயணம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கியாக வேண்டும். அதற்கு விடியற்காலை பஸ், கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல், பாலிகிளினிக் வரிசை, திரும்பும்போது வத்தலக்குண்டில் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டம் என்று ஒரு முழு நாள் போய்விடும். கேரட்டும் பூண்டும் தோட்டத்தில் நிற்கிற நேரத்தில் அந்த ஒரு நாளுக்குக் கூலி யார் கொடுப்பது? ஆகவே ஒரு மாதம் தள்ளிப்போகிறது, பிறகு இரண்டு மாதம். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் மூன்றாவது மாதம் மாத்திரையே மறந்துபோகிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் கூடும். மார்கழி, தை மாதங்களில் மலையில் பிரஷர் மாத்திரையைத் தவறவிடுவது மற்ற இடங்களில் தவறவிடுவதைவிட ஆபத்து.

இதே மனிதர் ராணுவக் கேன்டீனுக்கு மட்டும் தவறாமல் இறங்குகிறார்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். 'மிலிட்டரி சரக்கு' என்ற இரண்டு சொல்லில் ஒரு மனிதனின் 17 வருஷச் சேவையை அடக்கிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். மாத ஒதுக்கீடு வாங்கும் கோட்டா நாளில் அவர் வாங்குவது ரம் பாட்டில் மட்டுமல்ல என்பதைக் கேன்டீன் வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். சோப்பும் பிரஷர் குக்கரும் பையில் ஏறும். அதைவிட முக்கியம், தன்னோடு ஜம்முவிலோ ராஜஸ்தானிலோ கிடந்தவனைப் பார்ப்பது. இரண்டு பேரும் சட்டென்று இந்திக்கு மாறிக்கொள்வார்கள். மனைவிமார்களுக்குப் புரியாத மொழி அது. வீட்டில் சொல்ல முடியாத மூட்டுவலியும் தூக்கமில்லாத இரவும் அந்த மொழியில் வெளியே வரும். பதினெட்டு, இருபது வயதில் போய் முப்பத்தைந்து, நாற்பதில் திரும்பி வருகிறவனுக்கு ஊரில் அவன் வயதுக்காரர்களோடு பகிர்ந்துகொள்ளப் பொது நினைவு குறைவு. சங்கம் என்று ஒன்று அவனுக்குத் தேவைப்படுவது அதனால்தான்.

கொடைக்கானல் சங்கம் அறியாத ஊர் அல்ல. 1887-லேயே வெள்ளைக்காரர்கள் கொடைக்கானல் கிளப்பைத் தொடங்கினார்கள், 1895-ல் கோல்ஃப் கிளப். ஓய்வுபெற்ற கர்னலுக்கு அப்படியோர் உலகம் கிடைத்துவிடும். பூண்டு விதைக்கும் நாயக்குக்குக் கிடைப்பது தாலுகா அளவில் கூடும் முன்னாள் படைவீரர் சங்கம். அதன் நாட்காட்டி எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, கார்கில் நினைவாக ஜூலை 26, டிசம்பர் 7 கொடிநாள். ஜனவரி 14-ஐ முன்னாள் படைவீரர் நாளாக அறிவித்திருக்கிறார்கள். 1953-ல் அன்றுதான் ராணுவத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். தமிழ்நாட்டில் அன்று போகியோ பொங்கலோ. வீட்டு வாசலில் பானை பொங்கும்போது எந்த சுபேதார் கூட்டத்துக்கு வருவார் என்று டெல்லியில் யாரும் யோசிக்கவில்லை போலும்.

கொடியேற்றம், மாலை, மிக்சர், டீ, பிறகு கோரிக்கைத் தீர்மானம். இதோடு பெரும்பாலான சங்கங்களின் வேலை முடிகிறது. ஒரு பதவி ஒரு பென்ஷன் போன்ற பெரிய கோரிக்கைகளுக்குச் சங்கங்கள் போராடியதை நான் குறைத்துப் பேசவில்லை. உறுப்பினரின் உடம்பு விஷயத்துக்கு அந்தக் கூட்டங்களில் இடமில்லையே என்பதுதான் என் குறை. சங்கத்தில் டாக்டர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

வழி சொல்வது என்றால் என்ன? நள்ளிரவில் நெஞ்சுவலி. 108-ல் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதோ அங்கே போகிறார்கள். அது ஈசிஎச்எஸ் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருக்கலாம். அவசரம் என்றால் போகலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும், பில்களோடு அவசரச் சிகிச்சைக்கான சான்றையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் தொகையும் அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான். ஐசியூ வாசலில் அழுதுகொண்டிருக்கும் மனைவிக்கு இந்த விதி எப்படித் தெரியும்? அவர் கைபேசியில் சங்கத்துக்காரர் ஒருவரின் எண் இருந்தால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

மனைவியின் பெயர் இன்னொரு வில்லங்கம். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். கணவன் இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கும் மருத்துவ அட்டைக்கும் அந்த ஓரெழுத்து குறுக்கே நிற்கும். ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்த வேண்டும். அது வெலிங்டனிலும் இருக்கலாம், வடக்கே எங்கோ ஒரு கன்டோன்மென்டிலும் இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது அவரே ஒரு விண்ணப்பம் எழுதினால் முடிகிற காரியம், பிற்பாடு கைம்பெண் ஒருத்தி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் காரியமாகிவிடுகிறது. பென்ஷன் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய ஏற்பாட்டுக்குள் போய்விட்டதால் ஆண்டுதோறும் லைஃப் சர்டிபிகேட்டும் அந்த வழியில்தான். விரல்ரேகை தேய்ந்துபோன விவசாயிக் கைகளை இயந்திரம் ஏற்க மறுப்பது தனிக் கதை.

பாதுகாப்புத் துறை 2021 மே மாதம் 'சேஹத்' என்ற பெயரில் வீடியோ வழி மருத்துவ ஆலோசனையைத் தொடங்கியது. மலைக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. மேல்மலைக் கிராமங்களில் கைபேசி சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போகிறவர்களிடம் வீடியோ பற்றிப் பேசுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்தான். கொடைக்கானல் நகரில் சங்கத்துக்கு ஓர் அறையும், இணைய இணைப்பும், ஒரு கம்ப்யூட்டரும், அதை இயக்கத் தெரிந்த ஒரு பேரனோ பேத்தியோ இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

இன்னொன்று, நம் மாநில அரசே செய்வது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுப் படிக்கே கொண்டுவருகிறது. படைவீரர் வீட்டுக்கு வரக்கூடாது என்று விதி ஏதுமில்லை. 'நமக்குத்தான் கார்டு இருக்கே' என்ற கௌரவம் ஒன்று குறுக்கே நிற்கிறது. கார்டு நல்லதுதான், ஆனால் மாத்திரை திண்டுக்கல்லில் இருக்கிறது. ஈசிஎச்எஸ்ஸைப் பெரிய வைத்தியத்துக்கு வைத்துக்கொண்டு அன்றாட மாத்திரையை வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சங்கத்தில் ஒரு மூத்த சுபேதார் சொன்னால் அந்தக் கௌரவம் இறங்கிவரும். சுகாதாரத் துறை ஊழியர் சொன்னால் இறங்காது.

வெளிநாட்டுச் சங்கங்கள் இதை வெகுகாலம் முன்பே பழகிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 1916-ல் தொடங்கிய ஆர்எஸ்எல் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளைகளில், பென்ஷன் கோரிக்கையையும் மருத்துவக் கோரிக்கையையும் எழுதித் தரப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களும் பழைய சிப்பாய்களே. பிரிட்டனில் 1921-ல் நான்கு சங்கங்கள் ஒன்றாகி பிரிட்டிஷ் லீஜன் ஆனது. அங்கெல்லாம் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம்; ஆர்எஸ்எல் பெயரில் நடக்கும் கிளப்புகளின் சூதாட்ட இயந்திரங்கள் பற்றி அவர்கள் ஊரிலேயே வழக்கு ஓயவில்லை. நமக்குக் கோட்டா, அவர்களுக்கு இயந்திரம். நான்கை ஒன்றாக்கிய அந்தப் புத்தி மட்டும் நமக்கு உதவும். நம் பக்கம் ஒரே தாலுகாவில் இரண்டு சங்கம், இரண்டு லெட்டர்பேட், இரண்டு தலைவர் என்பது சகஜம்.

மலையில் ஆள் எண்ணிக்கை குறைவு, அதற்கொரு பாலிகிளினிக் கட்ட முடியாது என்று துறை சொல்லும். சரிதான். கட்டடம் வேண்டாம். நடமாடும் பாலிகிளினிக் என்றொரு வகை திட்டத்திலேயே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், முன்கூட்டியே அறிவித்த ஒரே தேதியில், ஒரு டாக்டரும் ஒரு மருந்தாளரும் கொடைக்கானல் வரட்டும். அடுத்த மாதம் பண்ணைக்காடு அல்லது தாண்டிக்குடி. சங்கக் கூட்டத்தையும் அதே நாளில் வைத்துக்கொள்ளலாம். நண்பனைப் பார்க்க வருகிறவன் கையை நீட்டி பிரஷரும் பார்த்துக்கொண்டு போவான். 'மருத்துவ முகாம்' என்று பேனர் கட்டினால் வரமாட்டான். தனக்கு நோய் என்று ஒப்புக்கொள்வது அவன் பயிற்சியில் இல்லை.

இனி வரப்போகிறவர்களையும் எண்ண வேண்டும். 2022-ல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணி நான்கு ஆண்டு முடிந்து திரும்பும் காலம் இது. திட்டத்தின்படி நாலில் மூன்று பேராவது வீடு திரும்புவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை, சட்டப்படி முன்னாள் படைவீரர் என்ற பெயரும் இல்லை. இருபத்திரண்டு வயதில் மன்னவனூருக்குத் திரும்பும் பையனைச் சங்கம் உள்ளே விடுமா? விட வேண்டும் என்பது என் கட்சி. அந்த அறையில் கம்ப்யூட்டரை இயக்க ஆள் தேவை என்று மேலே சொன்னேனே, அவன்தான் அந்த ஆள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அடுத்த மனுவில் நடமாடும் பாலிகிளினிக் கோரிக்கை முதல் வரியாக இருக்கட்டும். அதற்குப் பதில் வரும்வரை சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம்: உறுப்பினர் பெயர், ரத்த வகை, ஈசிஎச்எஸ் அட்டை எண், சாப்பிடும் மாத்திரை, டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி மனைவியின் பெயர். மார்கழிக் குளிர் தொடங்குவதற்குள் மேல்மலை ஊர்கள் வரை எழுதி முடித்துவிடலாம்.