ஏழு பேர் சேருங்கள், இந்த ஞாயிறே

கண்டி டவுன் கடைகளில் நிற்கும் தோழர்களே, தோழிகளே!

சித்திரை வருஷப்பிறப்பு வியாபாரம் தொடங்கப் போகிறது. "இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்க" என்பார்கள் முதலாளிமார். அந்தக் கொஞ்சம் இரவு ஒன்பதைத் தாண்டும். அதற்கு முன் நாம் கூடிப் பேசியாக வேண்டும்.

போன வருஷம் இதே நாட்களில் ஓர் இரவு. ஏழேகாலுக்கு ஒரு குடும்பம் சேலை பார்க்க வந்தது. நாற்பதுக்கு மேல் விரித்துக் காட்டினேன், ஒன்றும் பிடிக்கவில்லை. அவர்கள் மேல் பிழை சொல்லமாட்டேன். அத்தனையையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்கி முடிய எட்டரை. கெண்டைக்கால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்க, குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கலஹா பஸ் போய்விட்டது. நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தோம். வீட்டில் மகள் தூங்கிவிட்டாள். விடியக் காலையில் நான் புறப்படும்போதும் அவள் தூக்கத்தில்தான் இருந்தாள். அந்த வாரம் முழுக்க என் பிள்ளையின் குரலை நான் கேட்கவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததா? தெல்தோட்டையிலிருந்தும் மடுல்கலையிலிருந்தும் வத்தேகமையிலிருந்தும் வருகிற தம்பி தங்கச்சிமாரே, நீங்களே சொல்லுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. அந்த வேலையும் வாரத்துக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தோடு வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. நம் நிலைமை என்ன? காலை எட்டரைக்கு ஷட்டர் தூக்கினால் இரவு ஏழரைக்குத்தான் இறக்குகிறோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனாலும் நாளுக்கு 10, ஆறு நாளுக்கு 60. 45 எங்கே, 60 எங்கே!

கைக்கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. ஒன்றரை மடங்கு 225. வாரத்தில் கூடுதலாக நிற்கும் 15 மணி நேரத்துக்கு 3,375 ரூபாய். நாலு வாரத்துக்கு 13,500. இதில் எவ்வளவு உங்கள் கைக்கு வருகிறது? வருஷ முடிவில் ஒரு சேலையும் ஒரு பெட்டி பலகாரமும் இதற்கு ஈடாகுமா?

ஆனாலும் தோழர்களே, காசை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். மூத்த அண்ணன்மார் பலர் சொல்கிறார்கள்: "ஓவர்டைமை வெட்டிவிடாதீங்க, அது இல்லாவிட்டால் அடுப்பு எரியாது." 2022இல் அரிசியும் கேஸும் ஏறிய ஏற்றத்தில் நானும் ஓவர்டைம் கிடைக்காதா என்று ஏங்கியவன்தான். அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் 45 மணி நேரம் உழைத்தவனுக்கு அந்தச் சம்பளத்திலேயே குடும்பம் நடத்த முடியாவிட்டால், குறை சம்பளத்தில்தான் இருக்கிறது. சம்பளம் உயர வேண்டும். அதை நம் தூக்கத்தை விற்று ஈடு கட்டக் கூடாது. முதலில் நேரத்தைக் கேட்போம்.

கேட்டால் கிடைக்கும். உட்காருவதற்குக்கூடக் கடை ஊழியர்கள் சட்டம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2021இல் இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. அதே தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கிளம்பின, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பத்தே நாள்!

நம் மண்ணிலும் ஆட்கள் இருந்தார்கள். ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில், பொலிஸ் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் விழுந்தார். நம்மில் பலரின் தாத்தா பாட்டிமார் அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள். நம்மிடம் இன்று யாரும் உயிரைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்கிறேன்.

பயம் இருக்கும். "நீ போனால் உன் இடத்துக்குப் பத்துப் பேர் நிற்கிறாங்க" என்ற பேச்சை எல்லாரும் கேட்டிருக்கிறோம். தனியாகப் போய் முதலாளி முன் நின்றால் அந்தப் பேச்சுத்தான் மறுபடி வரும். ஆனால் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம், சட்டப்படி ஏழே பேர்! சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது 1999ஆம் ஆண்டுத் தொழில் சட்டத் திருத்தத்தின்படி குற்றம். ஒரு கடையில் ஏழு பேர் இல்லையா? பக்கத்துக் கடையையும் சேருங்கள். கொழும்பு வீதியில் ஒருவர், திருகோணமலை வீதியில் இருவர், மார்க்கெட்டில் நாலு பேர். சிங்களத் தோழர்களையும் முஸ்லிம் தோழர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் இரவு அதே இரவுதான், கால் அதே கால்தான்.

இன்றைக்கே ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். கடைக்குள் நுழைந்த நேரம், சாப்பிட்ட நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் நாள்தோறும் எழுதுங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பி பேசும். சம்பளச் சிட்டை தந்தால் அதற்குள்ளேயே மடித்து வையுங்கள். தராவிட்டால் "தரவில்லை" என்று தேதி போட்டு எழுதுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணி, வாவிக்கரை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் மகளோடுதான் வருவேன். கொப்பியை மறந்துவிடாதீர்கள்.