பட்டியல் போடுவது சுலபம், பரிந்துரைப்பது கஷ்டம்

ஊட்டிக்கு வருகிறவர்கள் டாக்ஸி டிரைவரிடம் கேட்கும் கேள்விகளில் இரண்டு மாறவே மாறாது. "நல்ல சாக்லேட் எங்கே கிடைக்கும்?", "ஒரிஜினல் தைலம் எங்கே கிடைக்கும்?" கேட்டு முடிப்பதற்குள் வண்டி ஒரு கடை வாசலில் நின்றுவிடும். அது நல்ல கடையாகவே இருக்கலாம். ஆனால் வண்டி அங்கே நின்றது அதனால் அல்ல, கமிஷனால். இது ஊரறிந்த ரகசியம். டிரைவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சீசனை நம்பிப் பிழைக்கிற ஊரில் அவர்களும் வேறு என்ன செய்வார்கள்? எனக்கு வேண்டியது அந்த வாசலில் ஒளிந்திருக்கும் ஒரு கேள்விதான்: ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைப் பரிந்துரைக்கும்போது, அது யாருடைய நன்மைக்காக?

எதை எடுத்தாலும் இப்போது ஒரு பட்டியல் கிடைக்கிறது. படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள், மாணவர்களுக்கான ஐம்பது கருவிகள், கட்டாயம் பார்க்க வேண்டிய நூறு இடங்கள். இவற்றில் ஒரு பாதி அந்த டாக்ஸி ரகம், யாரோ எங்கேயோ கமிஷன் வாங்குகிறார்கள். மறு பாதி வேறு ரகம். போட்டவரே பயன்படுத்திப் பார்க்காமல், நான்கு பட்டியல்களை ஒட்டவைத்து ஐந்தாவதாக்கியது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிக ஆபத்து. கமிஷன்காரருக்காவது தான் காட்டும் கடை திறந்திருக்கிறதா என்பது தெரியும் :-)

இது ஏதோ பொழுதுபோக்குப் பிரச்சினை என்று நினைத்தால், குன்னூர் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயியிடம் பேசிப் பாருங்கள். செடியில் தேயிலைக் கொசுவோ செஞ்சிலந்தியோ விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் மருந்துக் கடையில்தான். விற்கிறவரிடமே பரிந்துரை கேட்பதை நாம் விசித்திரமாக நினைப்பதே இல்லை. தேயிலையில் எந்தெந்த மருந்தைப் பயன்படுத்தலாம் என்று தேயிலை வாரியம் ஒரு பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பே வைத்திருக்கிறது. 2014-ல் வந்தது, அதற்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. திருத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு பதிப்பில் அனுமதித்த மருந்து அடுத்த பதிப்பில் இல்லாமல் போகலாம். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் நல்ல மனதோடு சொன்ன யோசனையால் இன்னொருவரின் தூளில் மருந்து எச்சம் வரம்பைத் தாண்டி நிற்கும். பரிந்துரைத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குன்னூரில் உபாசியின் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, அங்கே விற்பனை நோக்கமில்லாத ஆட்களிடம் கேட்கலாம். ஆனால் கடை பக்கத்தில் இருக்கிறது, கடைக்காரர் நம் ஆள், கடனும் கொடுப்பார். பக்கத்தில் இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கிறது.

கருவிக்கும் இதே கதைதான். கொழுந்தைக் கையால் பறிப்பதா, பை மாட்டிய கத்தரியால் வெட்டுவதா, இயந்திரமா? "எது நல்லது" என்று கேட்டால் பதில் கிடையாது. "யாருக்கு" என்று கேட்டால்தான் உண்டு. ஆள் கிடைக்காத தோட்டத்துக்குக் கத்தரி உயிர்காப்பு. நல்ல விலைக்கு விற்கும் தரமான தூள் வேண்டும் என்றால் இரண்டு இலை ஒரு மொட்டுக்கு விரல்தான் வேண்டும், கத்தரி முற்றிய இலையையும் சேர்த்து அள்ளிவிடும். செங்குத்தான சரிவில் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது வேறு கதை. "யாருக்கு" என்ற ஒரு வார்த்தை இல்லாத பரிந்துரையைப் பரிந்துரை என்றே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, மாணவர்கள் விஷயத்துக்கு வருவோம். நீலகிரியைப் பற்றி புராஜெக்ட் செய்யாத மாணவர் இந்த மலையில் அநேகமாக இல்லை. தோடர் பண்பாடு, படுகர் வரலாறு, ஊட்டி உருவான கதை, தேயிலை வந்த கதை. ஒவ்வொரு வருடமும் ஒரே நூற்பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பிரீக்ஸ் 1873, கிரிக் 1880, ரிவர்ஸ் 1906, பிரான்சிஸ் 1908. எல்லாமே பெரிய புத்தகங்கள், எல்லாமே பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைப்பவை. கடைசிக் காரணத்தால்தான் பட்டியலில் இருக்கின்றனவோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தப் பட்டியலில் என்ன தப்பு? ஒரு புத்தகமும் தப்பில்லை. ஆனால் புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. பிரீக்ஸ் நீலகிரியின் முதல் கமிஷனர். கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் பழங்குடிப் பொருட்களைச் சேகரித்துத் தரச் சொல்லி மதராஸ் அரசுக்கு உத்தரவு வந்தபோது இந்த வேலையில் இறங்கியவர். புத்தகம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். அவர் இந்த மக்களைப் பார்த்தது ஒரு அதிகாரி காட்சிப்பொருள் தேடும் கண்ணோடு. புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஆதிநிலை' மனிதர்கள் என்ற அர்த்தத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஒரு கோத்தர் வீட்டுப் பிள்ளையும் இதே வகுப்பில் உட்கார்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், தன் தாத்தாவின் தாத்தாவைப் பற்றி அதைப் படிக்கிறான். நாங்கள் இதை யோசித்திருக்கிறோமா?

ரிவர்ஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 1901-02-ல் வந்தார், மாதக்கணக்கில் உழைத்தார், எழுநூறு பக்கங்களுக்கு மேல் எழுதினார். மானுடவியலில் அந்தப் புத்தகத்துக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தவர். முப்பது வருடம் கழித்து எமனோ வந்தார். மொழியியலாளர், தோட மொழியையே உட்கார்ந்து கற்றார். அவருக்குக் கிடைத்தது வேறு உலகம். ஒரு எருமை செத்தாலும், ஒரு கல்யாணம் நடந்தாலும், யாராவது எங்காவது பயணம் போய்வந்தாலும் அதைப் பாட்டாகக் கட்டிவிடுகிற மக்கள். அந்தப் பாடல்களைத் தொகுத்து அவர் 1971-ல் வெளியிட்ட புத்தகம் ஒரு பெரிய செங்கல் கனம். ரிவர்ஸை மட்டும் படித்தால் தோடர்கள் சடங்குகளின் கூட்டமாகத் தெரிவார்கள். எமனோவையும் சேர்த்துப் படித்தால் கவிஞர்களாகத் தெரிவார்கள். இரண்டு பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் போவது பட்டியல். "ரிவர்ஸ் படித்தால் எமனோவையும் படி, ஏனென்றால்..." என்று சொல்வதுதான் பரிந்துரை.

முழுமையான பட்டியலுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பால் ஹாக்கிங்ஸ் இந்த மலையைப் பற்றி 1603 முதல் 1996 வரை எழுதப்பட்டவற்றுக்கு ஒரு முழு நூலடைவே தொகுத்திருக்கிறார். (ஏன் 1603? அந்த வருடம்தான் ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலை ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதிவைத்தார்.) ஆய்வாளருக்கு அது தங்கச் சுரங்கம். இரண்டாம் வருட மாணவனுக்கு அது திசைகாட்டி இல்லாத காடு. அதே ஹாக்கிங்ஸ் 2012-ல் இரண்டு பாகங்களாக நீலகிரிக் கலைக்களஞ்சியம் ஒன்றையும் பதிப்பித்தார். அது நமக்கு உதவும், ஆனால் விலை நமக்கு இல்லை. வாங்க முடியாத புத்தகத்தைப் பரிந்துரைத்தால் அது எந்த நூலகத்தில் இருக்கிறது என்றும் சொல்லத்தானே வேண்டும்? ஊட்டியில் 1859-லிருந்து நீலகிரி நூலகம் இருக்கிறது, அலமாரி அலமாரியாகப் பழைய பொக்கிஷம். ஆனால் அது உறுப்பினர்களுக்கானது. எல்லாருக்குமானது மாவட்ட மைய நூலகம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் நடந்தால் கொஞ்சம்தான். ஒரு மாணவருக்கு அது எவ்வளவு என்பது அவரவர் பாக்கெட்டைப் பொறுத்தது.

இந்த இடத்தில் நம்ம சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. 1931-ல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினாரே, அவர்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. பட்டியல் போடுகிறவர்கள் அந்த ஒரு விதியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டால்கூடப் போதும். ஐம்பது பெயர் கொடுத்தால் தாராள மனசு என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் செய்ய வேண்டிய தேர்வை வாசகர் தலையில் கட்டுகிறோம்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிராண்ட் 1968-ல் 'ஹோல் எர்த் கேட்டலாக்' என்று ஒரு தடித்த இதழ் கொண்டுவந்தார். கூடாரம், கோடாரி, புத்தகம், கணக்குப் போடும் கருவி என்று எல்லாவற்றையும் பற்றிய பரிந்துரைகள். எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்பக்கத்திலேயே நிபந்தனை போட்டிருந்தார்: கருவியாகப் பயன்பட வேண்டும், தானே கற்றுக்கொள்கிறவருக்கு உதவ வேண்டும், தரம் அல்லது மலிவு இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கக்கூடாது, தபாலில் சுலபமாகக் கிடைக்க வேண்டும். இந்த நான்காவது நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "தகவலுக்குக் கூகுளில் தேடுங்கள்" என்று எழுதுகிற ஆட்களை அந்த ஒரு நிபந்தனையே வடிகட்டிவிடும்.

பட்டியலுக்குத் தேதி போடுங்கள் என்பது என் அடுத்த கோரிக்கை. இங்கே 2019 ஆகஸ்ட் 15-லிருந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தது. 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, உயர் நீதிமன்ற உத்தரவு. இவை வருவதற்கு முன் எழுதிய "ஊட்டி செல்ல டிப்ஸ்" எல்லாம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை நம்பி வருகிறவர் சோதனைச் சாவடியில் நிற்கிறார். 2000-களில் யாராவது தமிழ்க் கருவிப் பட்டியல் போட்டால் முதல் வரியில் எழுத்துரு மாற்றி இருக்கும். டிஸ்கியிலிருந்து யூனிகோடு, டாபிலிருந்து யூனிகோடு. அந்த நாளில் அது இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாது. இன்று முதன்முதலாகத் தமிழில் தட்டச்சு செய்ய உட்காரும் ஒருவருக்கு அது வெறும் குழப்பம். கருவி கெட்டுப்போகவில்லை, காலம் நகர்ந்துவிட்டது.

அப்படியானால் நீ ஒரு பட்டியல் போடு பார்க்கலாம் என்பீர்கள். நியாயம்தான். நீலகிரியைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கும் என் வயதுக்காரருக்கு நான் சொல்வது குறைவு. முதலில் பிரான்சிஸின் கெசட்டியர், ஊர்ப் பெயர்களுக்கும் பாதைகளுக்கும் வருடங்களுக்கும். மக்களைப் பற்றி அது சொல்லும் தீர்ப்புகளை மட்டும் நம்பாதீர்கள். தோடர் என்றால் எமனோ, கூடவே தருண் சாப்ரா 2015-ல் எழுதிய தோடர் நிலம் பற்றிய புத்தகம். அவர் ஊட்டியிலேயே இருக்கும் பல் மருத்துவர், இடங்களை நடந்து பார்த்தவர். கோத்தர் என்றால் ரிச்சர்ட் வுல்ஃப் அவர்களுடைய இசையைப் பற்றி எழுதியது, கொஞ்சம் கடினம், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டாம். பூக்களைப் பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ள ஃபைசன், நூறு வருடப் பழசு, பெயர்கள் பல மாறிவிட்டன, படங்கள் மாறவில்லை. தமிழில் பழங்குடிகளைப் பற்றி பிலோ இருதயநாத் எழுதியவை. ஆய்வு நடை அல்ல, பயணக்காரர் நடை, அந்தக் காலத்துக் கண்ணோட்டமும் உண்டு. ஆனால் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டலாம், அம்மாவும் கேட்பார்.

பார்க்க வேண்டிய இடம் இரண்டு. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் சலிவனின் பழைய பங்களா, நீலகிரி ஆவண மையம் அங்கே இருக்கிறது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம். இரண்டாவதில் பொருட்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பொருளை இன்றும் பயன்படுத்துகிற ஒருவரிடம் பேச முடிந்தால் பேசுங்கள். ஆனால் அவர்கள் பெயரையும் எண்ணையும் 'ஆதாரம்' என்று பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். புத்தகத்தை எத்தனை பேர் புரட்டினாலும் அது களைக்காது. ஒரு மந்தில் இருக்கும் வயதானவர் வாரத்துக்கு மூன்று புராஜெக்ட் கோஷ்டிக்கு அதே கதையைச் சொல்லிக் களைத்துத்தான் போவார். அவருக்குக் கமிஷன்கூடக் கிடையாது.

இதில் படுகரைப் பற்றி, படுகர் ஒருவரே எழுதியதாக ஒன்றைச் சேர்க்க ஆசைப்பட்டேன். நான் முழுதாகப் படித்தது எதுவும் இல்லாததால் சேர்க்கவில்லை. ஹாக்கிங்ஸும் பிலோ-ரேஷூரும் சேர்ந்து செய்த படுகு–ஆங்கில அகராதி (1992) இருக்கிறது, அதையும் புரட்டத்தான் முடிந்தது. புரட்டியதையெல்லாம் பரிந்துரைக்க ஆரம்பித்தால் நானும் நூறு பெயர் கொடுக்கலாம். பட்டியல் இப்போதைக்கு இவ்வளவுதான். ஒரே தாளில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், முத்தோரை தாண்டினால் போனில் சிக்னலை நம்ப வேண்டாம்.