நல்ல தண்ணீர் வந்த வீடு

சென்ற இதழில் ஜன்னல் கம்பியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை தண்ணீர்ப் புராணம். "நல்ல தண்ணியிலே என்ன பிரச்னை?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் ஒரு நல்ல பெண்ணின் மனசை நோகடித்தும் விட்டேன்.

கோவைக்கு வெளியே போர்வெல் வீட்டில் 18 வருஷம் குடித்தனம் செய்தவள் நான். உப்புத் தண்ணீரின் அட்டகாசம் சொல்லி மாளாது. துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சென்ற வருஷம் நகருக்குள்ளே ஒரு பழைய வீட்டுக்கு மாறினோம். குழாயில் சிறுவாணித் தண்ணீர்! முதல் நாள் காபியைக் குடித்துவிட்டு என் வீட்டுக்காரர், "இத்தனை நாளா நாம குடிச்சது காபியே இல்லடி" என்றார்.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அதைக் கட்ட 1973-ல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. காட்டு மலையில் பெய்யும் மழை, சுலபத்தில் கரையாத கெட்டிப் பாறைமேல் ஓடி வந்து சேருகிறது. அதனால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் மிகக் குறைவு. 'மென்னீர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான்.

இரண்டு மாசம் சந்தோஷமாகப் போயிற்று. பிறகு அவருடைய வெள்ளை வேட்டிகளில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. துணி துவைக்க வரும் பெண்ணிடம், "துருப்பிடிச்ச வாளியிலே ஊற வெச்சியா? கொஞ்சமாவது கவனம் வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

அந்த வாரமே கீசரின் அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருந்த நேரம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தினமும் காலையில் கீசர் வெந்நீரைப் பிடித்துத்தான் அவளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன்!

குழாய் வேலைக்காரர் வந்தார். சுவரோரம் போன பழைய ஜி.ஐ. குழாயில் ஒரு சாண் அறுத்துக் காட்டினார். உள்ளே துத்தநாகப் பூச்சே இல்லை, ஒரே துரு. "ஏனுங்கக்கா, உப்புத் தண்ணி குழாய்க்குள்ளே சுண்ணாம்பு பூசி விட்டுரும். இந்தத் தண்ணி பூசாதுங்க. இருக்கறதையும் தின்னுட்டுப் போயிரும்" என்றார்.

பொறியியல் படித்த என் தம்பி இதையே விளக்கமாகச் சொன்னான். கடினநீர் குழாயின் உட்புறத்தில் மெல்லிய சுண்ணாம்புப் படலம் போடும். அது அதிகமானால் அடைப்பு. அளவோடு இருந்தால் கவசம். மென்னீரில் அந்தக் கவசம் உண்டாகாது. லேசான அமிலத்தன்மையும் சேர்ந்துகொண்டால் இரும்பு, செம்பு, பித்தளையை மெல்ல மெல்லக் கரைக்கும். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊரில், காலிக் குழாய்க்குள் காற்றும் ஈரமுமாக இருப்பதால் துரு இன்னும் வேகமாக ஏறும். ஆக, குற்றம் தண்ணீருடையது மட்டுமல்ல. குழாயின் வயசும் சேர்ந்ததுதான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு 1859 முதல் கத்ரீன் ஏரியின் மென்னீர்தான் வருகிறதாம். அங்கே பழைய வீடுகளில் ஈயக் குழாய்கள் இருந்தன. தண்ணீரில் ஈயம் கரைந்து வந்தது. கடைசியில் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டதும் மகளுக்கு வைத்த கஞ்சிதான் எனக்கு ஞாபகம் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஈயம் மிகவும் கெடுதல். கொதிக்க வைத்தாலும் போகாது. எங்கள் வீட்டில் ஈயக் குழாய் இல்லை. ஆனால் பழைய பித்தளைக் குழாய்களிலும் பற்றவைப்பிலும் ஈயம் கலந்திருப்பது உண்டு.

அன்று சாயங்காலமே துணி துவைக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். "தப்பு என் பேரிலேதான், மனசிலே வெச்சுக்காதே" என்றேன். அவள் சிரித்தாள். "காலைலே மொதத் தண்ணி செவப்பா வருதுன்னு அன்னிக்கே சொல்ல வந்தேனுங்கக்கா. நீங்கதான் காது குடுக்கலே."

சுருக்கென்றது. வீட்டிலுள்ள குழாய்களை நம்மைவிட அதிகம் திறப்பது அவள்தானே!

இப்போது எங்கள் வீட்டுப் பழக்கங்களைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் இரண்டு குடம் செடிக்கும் வாசல் தெளிக்கவும். தெளிந்து குளிர்ச்சியாக வந்த பிறகுதான் சமையலுக்கு.

கீசர் வெந்நீர் குளிக்க மட்டும். குடிக்கவும் கஞ்சிக்கும் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் வையுங்கள்.

தொட்டி வைத்த கீசருக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றும். வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கீசரில் கம்பி இருந்த இடமே தெரியவில்லை.

வாஷிங் மெஷினில் சோப்புத் தூளைப் பாதியாக்குங்கள். உப்புத் தண்ணீர் அளவிலேயே போட்டால் நுரை பொங்கும்; எத்தனை அலசினாலும் துணியில் சோப்பு தங்கும்.

தொட்டியிலும் குழாய் வாயிலும் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் செம்போ பித்தளையோ கரைகிறது என்று அர்த்தம்.

துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். ப்ளீச்சிங் மட்டும் வேண்டாம், கறை நிலைத்துவிடும்.

மென்னீருக்கு ஆர்.ஓ. மெஷின் தேவையில்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது. அந்தப் பணத்தில் நாங்கள் குழாயை மாற்றினோம்.

புதுப் பிளாஸ்டிக் குழாய் போட்டு நாலு மாசமாகிறது. வேட்டி வெள்ளையாக இருக்கிறது. பேத்தி பிறந்து மூன்று மாசம். அவளுடைய துணியை அலசிக்கொண்டே அந்தப் பெண் ஏதாவது சொல்ல வந்தால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு முதலில் காது கொடுத்துக் கேட்கிறேன்.